தரையைப் பற்றி எழுது

மாதனூர்
2 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை தேவிகாவுக்கு அக்கா அமிர்தவள்ளி எழுதுவது.

இங்கே நான் சுகம், அப்பா சுகம், ஆடு மூன்றும் சுகம். நீ சுகமா, அந்த ஊர்ச் சாப்பாடு வயிற்றில் தங்குகிறதா என்று எழுது.

ஓர் இடதுகால் ஷூவுக்குள் இந்தக் கடிதம் சுருண்டு கிடந்ததைப் பார்த்துச் சிரித்திருப்பாய். சாம்பிள் ஷூ எப்போதும் ஒற்றையாகத்தானே போகும்! ஜோடியாக அனுப்பினால் வழியில் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் கம்பெனிக்குப் பயம். ஆம்பூரிலிருந்து சைகோனுக்கு வாராவாரம் போகும் அந்தப் பெட்டியைக் கட்டுவது நான்தான். அதனால் ஓர் ஓரமாக நானும் வருவேன். சாம்பிள் ரூம் ஜியாவுல்லா சாரிடம் கேட்டுவிட்டேன். "லெட்டர் தானேம்மா, வெயிட்டு இன்னா ஏறிடப்போவுது, போடு" என்றார்.

போன் போதாதா என்று அப்பா கேட்டார். "போன்ல அவ 'ம்', 'சரி', 'சாப்ட்டேன்' தவிர இன்னா பேசறா? எழுதுனாத்தான் அவளுக்கு வாயே வரும்" என்றேன். உண்மைதானே? காலேஜில் முதல் மாதம் யாராவது பெயர் கேட்டால் நோட்டின் அட்டையைக் காட்டினவள் நீ. நம் வீட்டில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ்கூட வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல நான்தான் குரல் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஓர் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலில் போர்த்திக்கொண்டு படுக்காதே. அது பெரிய ஊர். தோட்டம் இருக்கும், கோயில் இருக்கும், தெருவில் சந்தை இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நான் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. இனிமேலும் போவேனா தெரியாது.

அங்கே ஏழு மாதப் பயிற்சியையும் முடித்தால்தான் இங்கே உனக்கு உத்தியோகம், நடுவில் வந்தால் கிடையாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால் அழுகை வந்தாலும் அங்கேயே அழு. முடித்துவிட்டு நீ வரும் அன்று, எப்போதும் போல, பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன்.

பதில் வரும் பெட்டியை நானே பிரிப்பேன்.

அக்கா

*

சைகோன்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா என்று அறிய ஆவல். சர்க்கரை மாத்திரையை இரண்டு வேளையும் போடுகிறாயா என்று அறிய அதைவிட ஆவல்.

இந்த ஊருக்கு இரண்டு பெயர். காகிதத்தில் ஹோசிமின் நகரம், ஆட்களின் வாயில் சைகோன். போன ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கடப்பதிலேயே போய்விட்டது. மோட்டார் சைக்கிள்கள் ஏரி உடைந்த மாதிரி வருகின்றன. சிக்னல் வரும் என்று நின்றேன், நின்றேன், பிறகு திரும்பி ஹாஸ்டலுக்கே வந்துவிட்டேன். இந்த வாரம் என் மேசையில் வேலை செய்யும் லான் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனாள். நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாதாம். ஒரே சீராக நடந்தால் வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்படியே போயின.

பூங்கா ஒன்றுக்குப் போனோம். கோயில் தூண் பருமனில் மரங்கள். அவற்றின் அடியில் வயதான ஆண்கள் பறவைக் கூண்டுகளை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கூண்டுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, வண்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். துணியை எடுத்ததும் பறவை பாடுகிறது. அவர்கள் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு கேட்கிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்கென்றே செய்த இடம்.

இன்னொன்று. இங்கே எல்லாரும் முதலில் வயதைக் கேட்கிறார்கள். வயது தெரிந்தால்தான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியுமாம். பெரியவள் என்றால் 'சி', அக்கா. சின்னவள் என்றால் 'எம்', தங்கை. லான் என்னைவிடப் பெரியவள். முதல் நாளிலிருந்தே எனக்கு இங்கும் ஒரு 'சி' வந்துவிட்டாள். பொறாமைப்படாதே.

மாத்திரையை மறக்காதே.

அன்புத் தங்கை
தேவிகா

*

மாதனூர்
30 செப்டம்பர் 2024

அன்பு 'எம்' அவர்களுக்கு,

நீ நலம் என்று எழுத்தைப் பார்த்தே தெரிந்தது. கோணாமல் நிற்கிறது. நாங்களும் அப்படியே.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமில் சத்தமாகப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. ஹுமேரா எட்டிப் பார்த்து, "இன்னாடி, உன் தங்கச்சி குருவிக்குக் காபி ஊத்திக்கினு இருக்காளா?" என்று ஆரம்பித்தாள். கடைசியில் அவளே, "நம்ம ஊட்டு ஆம்பளைங்களும் இப்படி வாய மூடிக்கினு உக்காந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்று பெருமூச்சு விட்டாள்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் வந்திருந்தார். என் பாதம் இம்மி பிசகாத முப்பத்தேழாம் சைஸ் என்பதில் கம்பெனிக்கு இன்னும் பெருமைதான். புது மாடல் எல்லாவற்றையும் என் காலில்தான் மாட்டிப் பார்த்தார்கள். "எங்கன்னா கடிக்குதாம்மா?" "இல்ல சார்." "இது?" "இதுவும் இல்ல சார்." "அமிர்தா காலு தங்கம்" என்று ஜியாவுல்லா சார் பையரிடம் இங்கிலீஷில் சொன்னார். மற்ற பெண்கள் இங்கே இடிக்கிறது, அங்கே உரசுகிறது என்று தொல்லை கொடுப்பார்களாம்.

மாத்திரை போடுகிறேன் தாயே. ராத்திரியில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்வேனே, அது நின்றுவிட்டது. இப்போது ஒன்றுமே தெரிவதில்லை. தானாகவே நல்லாகிவிட்டது. அதற்காக வேலூருக்கு அலைய வேண்டிய வேலை மிச்சம்.

தோட்டம் ஆயிற்று. அடுத்தது கோயில். அம்மாவைச் சர்க்கரை கொண்டுபோன மாதிரி என்னையும் கொண்டுபோய்விடக் கூடாது என்று என்னிடம் ஓதுவதை எல்லாம் அங்கே போய் ஓது.

உன் சொந்த ஊர் 'சி'

*

சைகோன்
20 அக்டோபர் 2024

என் அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். எறும்பு நின்றதில் எனக்கும் நிம்மதி. ஆனாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு.

நீ நம்ப மாட்டாய். இங்கே மாரியம்மன் இருக்கிறாள்! முன்பு வியாபாரத்துக்கு வந்த நம் ஆட்கள் கட்டிய கோயிலாம். அவர்கள் போய்விட்டார்கள், அவள் இருக்கிறாள். சந்தைக்குப் போகும் தெருவில், கடைகளுக்கு நடுவே, சின்னக் கோபுரம். அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. லானுக்கு அவள் நம் ஊர்க்காரி என்றே தெரியாது. "ரொம்ப சக்தி உள்ள அம்மா, நான் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டேன்" என்று எனக்குச் சொல்லித் தருகிறாள்.

உள்ளே ஒரு தமிழ் முகம் இல்லை. கத்தை கத்தையாக ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். சந்நிதிக்குப் பின்னால் கருங்கல் சுவர். அதில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிவைத்துக்கொண்டு, வேண்டியதைக் கல்லுக்குள் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. வெளியே சத்தம் கேட்காமல் பேசலாம் என்றால் என்னைக் கேட்கவா வேண்டும்? அக்காவுக்குச் சர்க்கரை இறங்க வேண்டும் என்று சொன்னேன். தமிழில் சொன்னேன். அவளும் தமிழ் கேட்டு நாளாகியிருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் பெட்டியில் இரண்டு காலும் இருப்பதைப் பார்த்திருப்பாய். நான் வேலை பார்த்த முதல் ஷூ, அக்கா. குதிகால் உட்பக்கம் லைனிங்கை மடித்து ஓரம் தைத்தது நான். மூன்று வாரம் யாராவது தினமும் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது என்று எழுதித் தர வேண்டும். பிறகு ஜோடியை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். "முப்பத்தேழு யாருக்கு இருக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கி, "என் அக்காவுக்கு" என்றேன். கையைத் தூக்கியது நான்தான், நம்பு.

கடித்தால் கடிக்கிறது என்று எழுது. தங்கை செய்தது என்று பார்க்காதே.

தேவிகா

*

மாதனூர்
11 நவம்பர் 2024

ஷூ செய்யும் தங்கைக்கு,

அனைவரும் நலம். ஷூவும் நலம்.

மூன்று வாரம் போடச் சொன்னாய். நான் கழற்றவே மனம் இல்லாமல் இருக்கிறேன். காலையில் சாக்ஸோடு மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுகிறேன். வேலை முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் பாதி வழி நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுப் பாலம் வரை போய்வந்தேன். பக்கத்து வீட்டு தனபாக்கியம் அத்தை, "இன்னாடி அமிர்தா, ஆடு மேய்க்கவும் பூட்ஸா? நாளைக்கு ஆட்டுக்கும் மாட்டுவியா?" என்றாள். "தங்கச்சி செஞ்சது அத்த. உனக்கும் வேணும்னா சொல்லு, நாலா அனுப்பச் சொல்றேன்" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

அப்பா தினமும் அதைத் துடைத்து வாசல் ஓரம் வைக்கிறார். தோல் பதனிடும் ஷாப்பில் இத்தனை வருஷம் காவல் இருந்தவர், தோலை முகர்ந்து பார்த்து, "நல்ல தோலு" என்று சொன்னார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

என் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். படிக்க உனக்கு நேரம் ஆகாது. எங்கேயும் கடிக்கவில்லை. எங்கேயும் உரசவில்லை. காலில் ஷூ இருப்பதே தெரியவில்லை.

சந்தை இன்னும் பாக்கி இருக்கிறது. மறக்காதே.

பெருமையோடு
அக்கா

*

சைகோன்
1 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் ரிப்போர்ட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். "ஷூ இருப்பதே தெரியவில்லை" என்ற வரி வந்தபோது கை தட்டினார்கள். நான் மேசைக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடினேன். பேனா விழவே இல்லை. அடுத்த கட்டத்துக்கு மாடல் போய்விட்டது. பெரிய ஆர்டராம். எல்லாம் உன் காலால்.

அந்தச் சந்தோஷத்தில் சீனக்காரர்கள் பகுதியில் இருக்கும் சந்தைக்குப் போனேன். தனியாக! மஞ்சள் சுவரும் நடுவில் கடிகாரக் கூண்டும் உள்ள பழைய கட்டடம். ஆனால் சந்தை உள்ளே இல்லை, சுற்றியுள்ள தெருக்களில் இருக்கிறது. காய்ந்த இறால் குவியல், மூட்டை மூட்டையாகக் காளான், உயிரோடு துள்ளும் மீன், பக்கத்திலேயே தையல் ஊசி. ஒரு பெண் தோளில் கழி வைத்து இரண்டு பக்கமும் தட்டுகளைத் தொங்கவிட்டு, ஒன்றில் அடுப்பும் ஒன்றில் பாத்திரமுமாக ஓட்டலையே சுமந்துகொண்டு நடக்கிறாள். நம் குடியாத்தம் லுங்கி மாதிரியே கட்டம் போட்ட துணியைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவளிடமே சாப்பிட்டேன்.

உனக்கு ஒரு கட்டைச் செருப்பு வாங்கினேன். மரத்தில் செய்து, மேலே பட்டை வைத்தது. நடந்தால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். நீ வருவது தெரு முனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். வரும்போது கொண்டு வருகிறேன்.

சோதித்த ஜோடியை இன்னும் அனுப்பவில்லையே? வந்ததும் தையலைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டுமாம்.

தேவிகா

*

மாதனூர்
22 டிசம்பர் 2024

அன்புள்ள தேவிகாவுக்கு,

நலம். நீ தனியாகச் சந்தைக்குப் போனதை அப்பாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

காலில் சின்னப் புண். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனபோது முள் குத்தியிருக்கும். மருந்து போடுகிறேன். இதைப் பெரிதாக்காதே. நிற்கும் வேலை வேண்டாம் என்று கேட்டு உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். இனிமேல் பெட்டியை ஹுமேரா கட்டுவாள். ஜோடியைத் தேடி அனுப்புகிறேன்.

நீ எல்லாவற்றையும் எழுதுகிறாய், ஒன்றைத் தவிர. தரையைப் பற்றி எழுது. அந்த மாரியம்மன் கோயில் கல், காலுக்குச் சில்லென்று இருக்குமா? பூங்காவில் புல் குத்துமா, மெத்தென்று இருக்குமா? செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்துச் சொல்.

சும்மாதான் கேட்டேன்.

அக்கா

*

சைகோன்
19 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். முள் புண் ஆறியதா? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஏன் எப்போதும் படுத்தபடியே பேசுகிறாய்? அப்பாவிடம் கேட்டால் "தூங்கி எழுந்தா" என்கிறார். போன வாரம் நீ பேசவே இல்லை. உன் கடிதத்தில் ஒரு ஜோக்கூட இல்லை. பொங்கலுக்கு என்ன செய்தீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

தரையைப் பற்றிக் கேட்டாயே, நாலு ஞாயிற்றுக்கிழமைகளாக அதையே செய்தேன். லான் சிரிக்கிறாள்.

மாரியம்மன் கோயில் கல் காலையில் சில்லென்று இருக்கிறது. ஊதுபத்திச் சாம்பல் விழுந்த இடத்தில் மட்டும் மாவு மாதிரி இருக்கிறது. சுவருக்கு முன்னால் தரையில் லேசாகக் குழிவு. நின்று நின்று தேய்ந்திருக்கும். இரண்டு குதிகாலும் அதில் சரியாக உட்காருகின்றன.

பழைய தாவரத் தோட்டத்தில் புல் அகல இலை. முதலில் குத்துகிற மாதிரி இருந்து பிறகு அமுங்கிவிடுகிறது. அடியில் ஈரம். வேர்கள் தரைக்கு மேலே புடைத்துக்கொண்டு ஓடுகின்றன. உள்ளங்கால் குழிவில் ஒரு வேர் வந்து பொருந்தினால், யாரோ கையில் தாங்கியது போல இருக்கிறது.

ஆமைக் கோயில் ஒன்று இருக்கிறது. குளம் நிறைய ஆமைகள். அதன் வாசலில் ஓடு பாவியிருக்கிறார்கள், பாசி பிடித்து வழுக்கும். விரல்களைக் குறுக்கி நடக்க வேண்டும்.

அடுத்த வாரம் இவர்களுக்குப் புத்தாண்டு. ஆற்றங்கரையில் படகு படகாகப் பூச்செடிகள் வந்து இறங்குகின்றன. கரையெல்லாம் வைக்கோலும் சேறும். சேறு வெதுவெதுப்பாக இருக்கிறது. மஞ்சள் பூ மரம் ஒன்று உண்டு. அதன் இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். அப்போதுதான் புத்தாண்டு அன்று பூக்குமாம். மொட்டையாக நிற்கிற மரத்தையே பேரம் பேசி வாங்குகிறார்கள்.

ஜோடியைத் தினமும் கேட்கிறார்கள், அக்கா. உடனே அனுப்பு.

தேவிகா

*

மாதனூர்
9 பிப்ரவரி 2025

தேவிகாவுக்கு அக்கா.

அப்பா நலம். எனக்கும் பரவாயில்லை. பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை ஜாஸ்தி.

உன் தரைக் கடிதம் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றங்கரைச் சேறு வரும் இடத்தைத் தினமும் படிக்கிறேன். வேர் பொருந்தும் இடத்தையும்.

ஷூவில் இடது காலை மட்டும் அனுப்பியிருக்கிறேன். வலது காலை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாசலில் வைத்திருந்தேன். தேடியும் கிடைக்கவில்லை. என் ரிப்போர்ட் இருக்கிறதே, அது போதும். நல்ல ஷூ. நீ செய்தது நல்ல ஷூ.

இன்னும் கொஞ்ச நாள்தானே? முடித்துவிட்டு வா. நடுவில் வராதே.

அக்கா

*

சைகோன்
18 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நலம்.

இன்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்கள். ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று. நாய் தூக்கிப் போனது என்று இங்கிலீஷில் சொன்னபோது சிரித்தார்கள். நான் கையைத் தூக்கிச் சொன்ன அக்கா அல்லவா நீ? ஒரு ஷூவைப் பத்திரமாக வைக்கத் தெரியாதா? சாம்பிள் ரூமில் இத்தனை வருஷம் இருந்தவள், வாசலிலா வைப்பாய்? என் முதல் ஷூ அது. உனக்கு எல்லாமே விளையாட்டு.

தேவிகா

*

ஆம்பூர்
5 மார்ச் 2025

தேவிகாவுக்கு உன் இன்னொரு அக்கா, ஹுமேரா ஆபாவின் சலாம். அல்லா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். என் தமிழ் எழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்.

இந்தப் பெட்டியில் அடியில் துணி சுற்றி வைத்திருப்பது உன் வலதுகால் ஷூ. நாய் தூக்கவில்லை. அமிர்தா என்னிடம் கொடுத்து, "இத்த எங்கன்னா எரிச்சுடுடி" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. குதிகால் பக்கம் உள்ளே பார். கழுவியும் போகவில்லை.

நவம்பரில் ஒருநாள் சாப்பிடும்போது அவள் சாக்ஸ் நனைந்திருந்தது. "இன்னாடி ரத்தம்?" என்றேன். அவள் குனிந்து பார்த்து, "யாரு ரத்தம்?" என்று கேட்டாள். தேவிகா, அவளுக்குத் தெரியவே இல்லை. எத்தனை நாளாக உரசிக்கொண்டிருந்ததோ. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எறும்பு ஊர்வது நின்றதை நல்லாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நாங்களும் எது மாட்டினாலும் கடிக்காத கால் என்று அதையே மெச்சிக்கொண்டிருந்தோம்.

புண் மேலே ஏறிவிட்டது. பொங்கலுக்கு முன்னால் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜனவரி கடைசியில் முழங்காலுக்குக் கீழே வலதுகாலை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். உன் அப்பா சமைக்கிறார். நான் வெள்ளிக்கிழமைதோறும் போகிறேன். உன் பயிற்சி முடியும்வரை காலைப் பற்றிச் சொல்லக்கூடாது, ஷூவைப் பற்றி எப்போதுமே சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினாள்.

உன் போன கடிதத்தை அவளுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரியாத்தான் கேட்டுருக்கா" என்று மடித்து வைத்தாள். எனக்குத்தான் பேஜாராகிவிட்டது. "ஏண்டி கடிக்கலைன்னு எழுதுன? இப்போ அதே ஷூவு ஆயிரக்கணக்குல போவப்போவுதாமே" என்று சத்தம் போட்டேன். "நான் பொய் எழுதலடி ஹுமேரா. எனக்குக் கடிக்கவே இல்ல" என்றாள்.

அந்த ஆயிரம் ஷூவுக்காகத்தான் சத்தியத்தை மீறினேன். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. பாதியில் ஓடியும் வந்துவிடாதே, அவள் தாங்க மாட்டாள்.

உனக்காகத் துவா செய்யும்
ஹுமேரா

*

சைகோன்
16 மார்ச் 2025

என் அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். உன் நலத்தை இந்த முறை கேட்கப்போவதில்லை. வந்து பார்த்துக்கொள்கிறேன்.

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அந்த நாய் நல்ல நாய். யாரும் அதைத் திட்ட வேண்டாம்.

அந்த ஷூவை நிறுத்திவிட்டோம். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். எந்தக் கால் என்று கேட்காதே. குதிகால் பக்கம் லைனிங் மடித்த இடத்தில் அரிசி அளவுக்குக் கட்டியாக ஒரு மடிப்பு. நான் தைத்த இடம். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு லானிடம் கொடுத்தேன். அவளும் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். கேட்காமலே நின்றேன். "இது கடிக்கும்" என்றேன். ரிப்போர்ட்டில் கடிக்கவில்லை என்றுதானே இருக்கிறது, போட்டவர் பொய் எழுதினாரா என்று கேட்டார்கள். "பொய் இல்லை. ஆனால் கடிக்கும்" என்றேன். போட்டது யார் என்று கேட்டார்கள். "சி" என்றேன். லான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், முதன்முதலில் தெருவைக் கடந்த அன்று பிடித்த மாதிரி. வெட்டி வைத்த தோல் வீணானது. என்மேல் கோபம்தான். உத்தியோகம் உண்டா இல்லையா என்று ஊருக்கு வந்தபிறகு சொல்வார்களாம். இனிமேல் குதிகாலை மாற்றித் தைப்பார்கள்.

உனக்கு வாங்கிய கட்டைச் செருப்பை லானுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் முப்பத்தேழுதான்.

இன்று மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சுவரில் நெற்றியை வைத்தேன். போன வருஷம் இதே இடத்தில் என்ன கேட்டேன் என்று நினைவிருந்தது. இன்று கேட்க எதுவும் வரவில்லை. வெறுமனே சாய்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தரையைப் பற்றி. நான் வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாசல் கல் சுட்டது. எல்லாரும் நிழலுக்குத் தாவி ஓடினார்கள். நான் நின்றேன். முதலில் விரல் நுனியில், பிறகு குதிகாலில். குதிகாலில்தான் அதிகம். எவ்வளவு நேரம் தாங்க முடிகிறதோ அவ்வளவு நேரம் நின்றேன். அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை, அக்கா. உட்கார்ந்து சொல்கிறேன்.

மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பயிற்சி முழுதும் முடித்துவிட்டுத்தான் வருகிறேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எனக்குக் குரல் வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு வராதே. வாசலுக்கும் வராதே. இருக்கிற இடத்திலேயே இரு. நான் நடந்து வருகிறேன்.

உன் எம்